வேப்பமரத்தடியில் உரோமத் தெய்வங்கள்

பாடசாலை அதிபர் எனக்கு ஒரு தவணை, மூன்று மாதம், தந்தார்.

"நடத்திப் பாருங்கோ ரீச்சர். தவணை முடிவிலை அபிவிருத்திச் சங்கத்து ஆக்கள் வந்து பாக்கட்டும். அவை ஓம் எண்டால் தொடருவம். இல்லையெண்டால் அதோடை சரி."

நான் கேட்டது பெரிய விஷயமல்ல. வியாழக்கிழமைகளில், பள்ளி விட்ட பிறகு, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் இலத்தீனும் பழைய உரோமரின் வாழ்க்கையும் சொல்லிக்கொடுக்க ஒரு அறை. அவ்வளவுதான். கோப்பாய்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பாடசாலையில் நான் உயர்தர மாணவருக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறேன். வேறு பாடங்களுக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் கடைசியாக வந்து சேரும் பாடம் அது. குறிப்புகளை மனப்பாடம் செய்வார்கள், சோதனை எழுதுவார்கள், மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் உதறிவிடுவார்கள். வருடக்கணக்காக அதைப் பார்த்ததில் எனக்குள் ஓர் அரிப்பு. பதினொரு வயதில் பிடித்தால் என்ன என்று தோன்றியது. பல்கலைக்கழகத்தில் வரலாற்றோடு இலத்தீனும் படித்தவள் நான். அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் ஒரே வாங்கில் அமரக்கூடிய அளவினர்தான். படித்த பாஷையை யாருக்கும் கொடுக்காமலே ஓய்வு பெற்றுவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். முதல் கிழமையே ஒரு தகப்பன் வந்து வாசலில் நின்றார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. நெடிய, அதிகம் பேசாத பிள்ளை.

"ரீச்சர், வியாழன் ரெண்டரைக்குப் பிள்ளைக்குக் கணித ரியூசன். உங்கடை வகுப்பாலை அரை மணித்தியாலம் பிந்துது. உந்தப் பாஷைக்குச் சோதினை இருக்கோ?"

"இல்லை."

"பிறகு ஏன் படிப்பான்?"

நான் நீண்ட பதில் ஒன்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். "தவணை முடியட்டும், கூட்டத்திலை கதைப்பம்" என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பாடத்தை எழுதி, அடித்து, மீண்டும் எழுதினேன். வகுப்புக்கு முன்னால் போய் வாங்குகளை வட்டமாகப் போடுவேன். பிறகு வட்டம் விளையாட்டுத்தனமாக இருக்கிறது என்று வரிசையாக்குவேன். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கு என்ன கோலம் ரீச்சர்?" என்று கேட்பார்கள். எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவள் நான். அந்தத் தவணையின் நாட்குறிப்பில் ஒரு பக்கம்கூட வெட்டுக்கீறல் இல்லாமல் இல்லை.

ஆனால் வகுப்பு நன்றாகவே நடந்தது. அதுதான் என்னை இன்னும் பதற்றப்படுத்தியது. இழக்கக்கூடிய ஒன்று கையில் சேர்ந்துகொண்டிருந்தது.

உரோமரின் வீட்டைப் படிப்பித்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுவரில் ஒட்டி, நடுவில் கூரை திறந்த முற்றம், அதிலே மழைநீர் விழும் தொட்டி, சுற்றிவர அறைகள் என்று தொடங்கினேன். ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருவன், வாய் ஓயாதவன், எழுந்து நின்றான்.

"ரீச்சர், உது எங்கடை பெரியப்பாவின்ரை நாற்சார் வீடு."

"ஓம், அந்த மாதிரித்தான்."

"இல்லை ரீச்சர். அதேதான். அந்தத் தொட்டிக்குள்ளை நான் விழுந்து பல்லு உடைஞ்சது." வாயைத் திறந்து காட்டினான்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முற்றம் 'ஆத்ரியும்', தொட்டி 'இம்ப்ளூவியும்', குசினி 'குலீனா'. பெரியப்பாவின் வீட்டுக்குள் அவர்களே நடந்து நடந்து எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள். மழைக்காலத்தில் முற்றத்துக்கு மேல் தரப்பாள் கட்டுவதற்கு உரோமர் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அதையும் அவர்கள் ரசித்தார்கள்.

சங்கத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றுதான் வீட்டுத் தெய்வ மாடத்தைத் தேர்ந்தேன். உரோமர் வீடுகளில் சுவரோடு ஒரு சிறு மாடம் இருக்கும். அதில் லாரேஸ் என்ற இரண்டு காவல் தெய்வங்கள், இளைஞர் உருவில், கையில் கொம்புக் கிண்ணத்தோடு நிற்பார்கள். அதற்குக் கீழே ஒரு பாம்பு பலிபீடத்தை நோக்கி ஊர்ந்துவருவதுபோல வரைந்திருப்பார்கள். பீடத்தின் மேல் முட்டை இருக்கும். சாம்பலுக்குள் புதைந்துபோன நகரம் ஒன்றின் சுவரில் உள்ள அந்தப் படத்தைப் புத்தகத்திலிருந்து பெரிதாக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நாகதம்பிரான்!" என்று எங்கள் ஊர்ப் பாம்புத் தெய்வத்தின் பெயரை வாயாடி கத்தினான்.

"இல்லை. இது வேறை. அவையின்ரை பாம்பு வீட்டைக் காக்கிற ஒரு அடையாளம். ஒப்பிட்டுப் பாக்கலாம், ரெண்டையும் ஒண்டாக்கக்கூடாது."

கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இருபக்கமும் வேறுபாடுகளை எழுதினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன்.

கல்லுக்கு எங்கும் அலையத் தேவை இருக்கவில்லை. புது மலசலகூடம் கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல் மதிலோரம் கிடந்தது. நிறம், மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் சோடித்த மிச்சம். இல்லச் சோடனையில் கைதேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மாடம் கட்டுவது பெரிய வேலையே இல்லை. லாரேஸ் இருவரையும் செம்மண் குழைத்துச் செய்தார்கள். பாம்பை நீர்வேலிப் பிள்ளை ஒரு பலகையில் வரைந்தாள். அவள் செதில் செதிலாக வரைவதைப் பார்க்க மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தலையைச் சற்றுத் தூக்கி, நம்மைக் கவனித்தும் கவனிக்காததும் போல ஒரு பாம்பு. புத்தகத்தில் இருந்ததைவிட அது உயிரோடு இருந்தது.

நிறம் காயவேண்டும், சங்கத்து ஆட்கள் சுற்றி நின்று பார்க்க இடமும் வேண்டும். அதனால் விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தடியில் அதை நிறுத்தினோம். எல்லாம் உள்ளபடி இருக்கவேண்டும் என்பது என் குணம். பீடத்தில் அவித்த முட்டை ஒன்று வைக்கச் சொன்னேன். மாடத்தில் மண் சிட்டி விளக்கையும் நானே ஏற்றச் சொன்னேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு அவரவர் ரியூசனுக்கு ஓடினார்கள். அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. சங்கம் வருவதற்கு ஒரு கிழமை இருந்தது.

திங்கட்கிழமை காலையில் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எண்ணெய் புதியது. லாரேஸ் இருவரின் நெற்றியிலும் திருநீறு, நடுவில் சந்தனப்பொட்டு. பாம்புப் பலகைக்குச் செவ்வரத்தம்பூ. அவித்த முட்டையைக் காணவில்லை. அதற்குப் பதிலாகப் பச்சை முட்டைகள் மூன்று, சிரட்டையில் பால். எறும்பு வராமலிருக்கச் சுற்றிவர மஞ்சள் தூளால் ஒரு கோடு.

பாடசாலைக் காவலாளி பக்கத்தில் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உது ஆர் செய்தது?"

"நான்தான் ரீச்சர் துவங்கினது. பிறகு சனம் தன்பாட்டிலை வந்தது."

"இது சாமி இல்லை அண்ணை. பிள்ளையள் படிக்கிறதுக்குச் செய்த மாதிரி."

"உருவம் இருக்கு. விளக்கு வைச்சிருக்கிறியள். வேப்பமரமும் நிக்குது. இனி வேறை என்ன வேணும்?"

"கக்கூசு கட்டின மிச்சக் கல்லு அண்ணை அது!"

"கல்லிலை என்ன ரீச்சர் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை விளக்கு நூந்து கிடந்தது. ஏத்தின விளக்கை அப்பிடி விடலாமோ, நான்தானே இஞ்சை படுக்கிறது எண்டு எண்ணெய் விட்டனான். சனிக்கிழமை சாரை ஒண்டு வந்து அந்தப் பலகைக்குக் கீழை கிடந்திட்டுப் போகுது."

"சாரை எல்லா இடமும்தான் வரும்."

"வரும். படுக்காது."

இடைவேளைக்குள் செய்தி பரவிவிட்டது. சாதாரண தரப் பிள்ளைகள் பரீட்சைக்கு அனுமதி அட்டை வந்த கையோடு மூன்று முறை சுற்றினார்கள். மதில் வெளிப்பக்கத்துப் படலையால் ஊர்ப் பெண்கள் சிலர் வந்து கும்பிட்டார்கள். ஆசிரியர் அறையில் பௌதிகவியல் படிப்பிப்பவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன ரீச்சர், திருவிழா எப்ப?" என்று பகிடி விட்டார். பின்னேரம் அவரே செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் நின்றதை நான் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை.

அதிபர் கூப்பிட்டார்.

"ரீச்சர், வெள்ளிக்கிழமை சங்கம் வருது. உது அங்கை இருந்தால் உங்கடை வகுப்பு அதோடை முடிஞ்சுது. ஒரு பகுதி, பள்ளிக்குள்ளை கோயில் கட்டிறா எண்டு சொல்லும். மற்றப் பகுதி, எங்கடை நாகதம்பிரானை வெள்ளைக்காரச் சாமியாக்கிறா எண்டு சொல்லும். எடுத்துப் போடுங்கோ."

"சேர், நீங்கள் ஆரையும் கொண்டு எடுப்பிச்சால் நல்லது."

"ஆரையும் எண்டால்?"

"நீங்களே சொன்னால்..."

"நானோ? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு ரீச்சர்."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபின்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்தது. மேசையில் இருந்த கோப்பைத் திறந்து அதற்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார்.

வேலையாட்கள் இருவரைக் கேட்டேன். ஒருவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடித்தது. மற்றவர், "நீங்கள் வைச்சது, நீங்கள்தான் எடுக்கவேணும்" என்றார். அதில் நியாயம் இருந்தது.

புதன்கிழமை பாடசாலை தொடங்கும் முன் நானே போனேன். இரண்டு சாக்குப் பைகளும் கையுறையும் கொண்டுபோனேன். லாரேஸ் முதலில், பலகை இரண்டாவது, கல் கடைசி என்று ஒழுங்குகூட யோசித்து வைத்திருந்தேன். அது மண், நிறம், பலகை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எந்த வாளியில் குழைத்த மண் என்பதுகூடத் தெரியும். குனிந்து கையை நீட்டினேன். பாம்பின் தலை சற்றுத் தூக்கியபடி இருந்தது. யாரோ அன்று காலையில் வைத்த பூ இன்னும் ஈரம் காயவில்லை. நிமிர்ந்துவிட்டேன். கையுறையைச் சரிசெய்தேன். மறுபடி குனிந்தேன். மறுபடியும் நிமிர்ந்தேன்.

எங்கள் தோட்டத்தில் கிணற்றடியில் இப்படிக் கும்பிடும் ஒரு கல் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அதைக் கடக்கும்போது என் கால்கள் தாமாகவே ஒரு வட்டம் போட்டு விலகும். படித்த படிப்பு ஒன்றும் கால்வரை இறங்கவில்லை போலும். பைகளை மடித்துக்கொண்டு திரும்பினேன். அன்று படிப்பித்த எல்லா வகுப்பிலும் ஒரு வசனத்தை இரண்டு தரம் சொன்னேன். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். நாளைக்குச் சங்கம் வருகிறது. மாடம் இருந்தால் வகுப்பு இல்லை. எடுக்க ஒருவரும் துணியவில்லை, நான் உட்பட.

நீர்வேலிப் பிள்ளை, பெரிய யோசனை எதுவும் சொல்லாதவளைப் போல, புத்தகப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாலஸ்தாபனம் செய்தால் சரிதானே ரீச்சர்."

எங்கள் பகுதியில் ஏதாவது ஒரு கோயில் எப்போதும் திருத்தவேலையில் இருக்கும். வேலை தொடங்குமுன் சாமியைக் கும்பத்தில் இறக்கிப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் இருத்துவார்கள். அதற்குப் பிறகு பழைய இடத்தில் கல் உடைத்தாலும் குற்றமில்லை. அது பாலஸ்தாபனம். பதினான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதை விளக்கத் தேவை இருக்கவில்லை.

"எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"எங்கடை தோட்டத்திலை நாகதம்பிரான் கல்லு இருக்கு. பக்கத்திலை இடம் இருக்கு. அப்பாட்டை நேற்றுக் கேட்டனான்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. உழவு மிசினுக்கு டீசல் அடிச்சவர்."

எனக்குள் ஒன்று முரண்டு பிடித்தது. கோடு போட்டுப் பிரித்து எழுதியதெல்லாம் என்ன ஆவது? இந்த முறை நானே இரண்டையும் ஒன்றாக்குகிறேனா? அறைக்குள் இங்குமங்கும் நடந்தேன். அப்போதுதான் உரோமரின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை அந்தத் தவணையில் படிப்பிக்க நான் திட்டமிட்டிருக்கவே இல்லை. எதிரியின் நகரத்தை முற்றுகையிடும்போது, உள்ளே இருக்கும் தெய்வத்தை உரோமத் தளபதி வெளியில் நின்று அழைப்பான். இந்த ஊரை விட்டு எங்களோடு வாருங்கள், எங்கள் நகரத்தில் உங்களுக்கு இதைவிட நல்ல கோயில் கட்டித் தருகிறோம் என்று சொல்லுவான். தெய்வம் போய்விட்டால்தான் மதிலில் கைவைப்பார்கள்.

"லஞ்சம்!" என்றான் வாயாடி.

"அழைப்பு எண்டு சொல்லு."

"அப்ப ஐயர் வேண்டாமோ ரீச்சர்?"

"ஐயருக்கு இலத்தீன் தெரியாதடா" என்றாள் பின்வாங்கிலிருந்து ஒருத்தி. "நாங்கள்தான் கூப்பிடவேணும்."

அந்த மாதங்களில் நான் எத்தனையோ வசனங்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உழவன் வயலில் இருக்கிறான். சிறுமி தண்ணீர் கொண்டுவருகிறாள். ஒருவரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத வசனங்கள். இப்போது பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் பிழையாகச் சொல்லக்கூடாது. "பிழைவிட்டால் கோவம் வரும்" என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்தினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் தேடினார்கள். இரண்டு பேரை அழைப்பதால் பன்மை என்று நான் சொன்னேன். "ஒராள் எண்டாலும் நாங்கள் சாமியை வாங்கோ எண்டுதானே சொல்லுறது" என்று நிம்மதியடைந்தார்கள். எழுதி முடித்தபின் நீர்வேலிப் பிள்ளை, "கோவிக்காதேங்கோ எண்டதையும் சேருங்கோ ரீச்சர்" என்றாள். சேர்த்தோம்.

அன்று பின்னேரமே பள்ளி வாசலில் இருசில்லு உழவு இயந்திரம் வந்து நின்றது. தகப்பன் இறங்கி, பெட்டியில் வாழைச்சருகு பரப்பினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காவலாளி கிணற்றிலிருந்து செம்பில் தண்ணீர் எடுத்து வந்தார். அதற்குள் மாவிலை வைத்ததும் அவர்தான். உரோமரிடம் மாவிலை கிடையாது என்று என் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதிபர் அலுவலக வாசலில் நின்றார். கிட்ட வரவில்லை.

பிள்ளைகள் மாடத்தின் முன் வரிசையாக நின்றார்கள். கைகூப்புவதா, உரோமரைப் போல உள்ளங்கையை மேலே விரிப்பதா என்று என்னைப் பார்த்தார்கள். எதுவும் வசதியாக இருக்கட்டும் என்றேன். பாதிப் பேர் கூப்பினார்கள், பாதிப் பேர் விரித்தார்கள்.

"லாரேஸ், வெனீத்தே நோபீஸ்கும்."

லாரேஸ், எங்களோடு வாருங்கள்.

"தோமுஸ் வோபீஸ் பராத்தா எஸ்த்."

உங்களுக்கு வீடு ஆயத்தமாக இருக்கிறது.

"நோலீத்தே ஈராஸ்கீ."

கோபிக்காதீர்கள்.

வகுப்பில் அவர்கள் அதைப் பாட்டுப்போல இழுத்துச் சொல்லிப் பழகினார்கள். மரத்தடியில் இழுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார்கள். வாயாடியின் குரல்கூடத் தணிந்திருந்தது.

நீர்வேலிப் பிள்ளை முன்னே போய்ப் பலகையைத் தூக்கினாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, காய்ந்த வேப்பிலை மட்டும். லாரேஸை இருவர் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். உழவு இயந்திரம் படபடத்துக்கொண்டு வீதியில் திரும்பியதும் காவலாளி போய் முதல் கல்லைக் காலால் தட்டினார். "சாமியள் போட்டினம்" என்றார். பிறகு எல்லாக் கல்லையும் அவரே மதிலோரம் அடுக்கினார்.

தகப்பன் கிளம்புமுன் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார்.

"நான் நினைச்சன் அது பாடமாக்கிச் சொல்லுற மந்திரம் எண்டு. இவ தானே எழுதினவவோ?"

"எல்லாரும் சேர்ந்து எழுதினவை. கோவிக்காதேங்கோ எண்டது அவ கேட்டுச் சேர்த்தது."

"ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சங்கத்தவர்கள் வந்தபோது காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. காட்டவென்று செய்தது வாழைகளுக்கு நடுவில் இருந்தது. வாங்குகளை வரிசையாகப் போட்டு, வட்டமாக்கி, கடைசியில் வரிசையாகவே விட்டேன். ஆறு பேர் வந்து அமர்ந்தார்கள். தலைவர் சுற்றிப் பார்த்தார்.

"எதைப் பாக்கிறது ரீச்சர்?"

"பிள்ளையளைக் கேளுங்கோ. படிச்சதிலை எதையெண்டாலும் கேளுங்கோ."

யாரும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாயாடி தானாகவே எழுந்து பெரியப்பாவின் வீட்டுக்குள் அவர்களை அழைத்துப்போகத் தொடங்கினான். வாசலால் நுழைத்து, முற்றத்தைக் காட்டி, தொட்டியில் பல்லுடைந்த இடம்வரை இலத்தீனில் பெயர் சொல்லி வந்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது செயலாளர், நீர்வேலிப் பிள்ளையின் தகப்பன், தொண்டையைச் செருமினார்.

"ரியூசன் மாஸ்ரரோடை கதைச்சு வியாழன் வகுப்பை மூண்டு மணிக்கு மாத்தியாச்சு. இனி நேரத்தாலை பிரச்சினை இல்லை. வகுப்பு நடக்கட்டும்."

"நீங்கள்தானே நிப்பாட்டவேணும் எண்டு சொன்னனீங்கள்" என்றார் தலைவர்.

"சொன்னனான்தான். இப்ப சாமி எங்கடை காணிக்குள்ளை எல்லோ இருக்கு. கூப்பிட்டது இவையள், இவையளின்ரை பாஷையிலை. நாளைக்கு ஏதும் சொல்லவேணும் எண்டால் நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் வகுப்பின் முடிவு தீர்மானமாகிவிட்டதை நான் கண்டேன். நான் எழுந்தேன்.

"நான் ஒண்டு சொல்லவேணும். அது சாமி இல்லை. பிள்ளையள் மண்ணாலை செய்த மாதிரி. அதுக்காக வகுப்பை வைச்சிருக்கவேண்டாம். இவையள் இந்த மாதங்களிலை என்ன படிச்சவை எண்டு பாத்து, அது பிரயோசனம் எண்டால் மட்டும் வைச்சிருங்கோ."

செயலாளர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். அவருடைய மகள் தலை குனிந்திருந்தாள்.

"ரீச்சர், இருங்கோ" என்றார் அதிபர் மெதுவாக. "வகுப்புத் தொடரும் எண்டு சங்கம் சொல்லுது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?"

நான் நின்றபடியே இருந்தேன். பிள்ளைகள் பதினான்கு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, இப்படி வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வியாழன் இந்த அறை பூட்டிக் கிடக்கும். "ஓம் சேர்" என்றேன். அமர்ந்தேன். இனி உருவம் ஒன்றும் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு கூட்டம் கலைந்தது.

விடுமுறை முழுவதும் அந்த ஓம் எனக்குள் புரண்டுகொண்டிருந்தது. ஒருநாள் நீர்வேலிப் பக்கம் சைக்கிளில் போனேன். தோட்டத்து வேலிவரை போய் இறங்காமல் திரும்பினேன். பாடத்திட்டத்தை முதலிலிருந்து எழுதினேன். வீட்டுத் தெய்வங்கள் என்ற பாடத்தை எடுத்துவிட்டு வீதிகளும் பாலங்களும் என்று போட்டேன். அடுத்த நாள் அதை அடித்து, பழையபடி தெய்வங்களை எழுதினேன். இன்னும் கவனமாகப் படிப்பித்தால் என்ன? அதைப் படிப்பிக்காமல் விடுவதும் ஒரு பொய் அல்லவா?

புதிய தவணையின் முதல் வியாழன் வாசலில் இருபத்தேழு பிள்ளைகள் நின்றார்கள். வாங்கு போதாமல் பக்கத்து அறையிலிருந்து இழுத்து வந்தோம். புதிதாக வந்தவர்களில் ஒரு சின்னவள், ஆறாம் வகுப்புக்கு அப்போதுதான் வந்தவள், என் சேலைத் தலைப்பைத் தொட்டாள்.

"பாம்புச் சாமியின்ரை வகுப்பு இதுதானோ ரீச்சர்? அம்மா போகச் சொன்னவ."

பழைய பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நீர்வேலிப் பிள்ளைதான் மற்ற எல்லோரையும்விட உன்னிப்பாகப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இது இலத்தீன் வகுப்பு. ஒரு பழைய பாஷை. இதைப் படிச்சால் சோதினையிலை புள்ளி வராது. சாமியும் வராது. அதுக்காக வந்தவை இப்ப வீட்டை போகலாம். நான் கோவிக்கமாட்டன்."

கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். சில பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வேறு யாரும் எழுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவள் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முன்வாங்கில் போய் இருந்து, கொப்பியைத் திறந்தாள்.

"முதல் எழுத்து என்ன ரீச்சர்?"

அவள் எதற்காக வீட்டுக்குப் போகாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தேன். கரும்பலகையில் முதல் எழுத்தை எழுதினேன்.